வரப்பெலியை அடக்க வேண்டுமா, முதலில் வரப்பைப் படியுங்கள்

போன சம்பாவில் மேலத்துண்டில் பயிர் கண்ணை நிறைத்தது. வரப்பில் நின்று பார்த்த எல்லாரும் "இந்த வருசம் உனக்கு யோகம்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொதி கட்டும் நேரம், அதாவது கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே உருண்டு நிற்கிற சமயம். மேலுரம் போடலாம் என்று உள்ளே இறங்கி இருபது எட்டு வைத்திருப்பேன், நடு வயலில் இரண்டு பாய் விரிக்கலாம் போல ஒரு வட்டம், மொட்டையாக. அறுபட்ட தூர் ஒவ்வொன்றும் சாய்வாக, பிளேடால் சீவியது மாதிரி. தின்றது கொஞ்சம், வெட்டிப் போட்டது அத்தனையும். ஓரப் பயிரில் ஒரு தூரைக்கூடத் தொடவில்லை. எலி அப்படித்தான் செய்யும். வெட்டவெளி ஓரத்தில் நின்று ஆந்தை கண்ணில் படாது, நடுவில் ஆரம்பித்து வெளியே வரும். வரப்பில் நிற்கிறவனுக்கு விஷயம் தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

நான் திருவாரூர்ப் பக்கம் ஏழு மா பார்க்கிறவன். மூணு மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும். எலியிடம் பல வருடம் தோற்ற பிறகு கற்றுக்கொண்டது ஒன்றுதான்: டெல்டாவில் எலிக்கு வயல் சாப்பாட்டுக்கூடம், வரப்பும் வாய்க்கால் கரையும்தான் வீடு. தண்ணீர் நிற்கிற சேற்றில் வளை நிற்காது. ஆகவே நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நம் ஊரில் எலி எங்கே இருக்கும் என்பது ரகசியமே இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே எங்கெல்லாம் ஒரு முழம் மண் இருக்கிறதோ அங்கெல்லாம் இருக்கும். கூடத்தில் துரத்திப் பிரயோஜனம் இல்லை, வீட்டைக் கவனிக்க வேண்டும்.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வயலில் ஓடுவதெல்லாம் ஒரே எலி இல்லை. நம் நெல்லை அதிகம் வெட்டுவது வரப்பெலி. பெருச்சாளி சாதிதான், ஆனால் அளவில் சின்னது. கால் கிலோ சொச்சம் இருக்கும். தட்டையான முகம், பருத்த உடம்பு, முதுகில் முரட்டு முடி, உடம்பைவிடக் குட்டையான வால். மடக்கினால் ஓடப் பார்க்காது, முடியைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி மாதிரி உறுமும். தெலுங்கில் பெருச்சாளிக்குப் பேரே பந்திக்கொக்கு, அதாவது பன்றியெலி. ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்ற பேரும் அதிலிருந்து போனதுதான்.

பெரிய பெருச்சாளி வேறு. அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போகும். குளக்கரை, சாக்கடை ஓரம், வாய்க்கால் கரை என்று ஈரம் எங்கேயோ அங்கே இருக்கும். நீந்தும், முங்கும், நெல்லோடு நத்தையும் நண்டும் தின்னும். வரப்பெலியும் நீச்சலில் சளைத்தது இல்லை. "நடுவுல வாய்க்கால் இருக்கே, அந்தப் பக்கத்து எலி எப்படி வரும்" என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பார்க்கட்டும். மூக்கும் முதுகும் மட்டும் மேலே தெரிய, தண்ணீரில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு அக்கரைக்கு வரும்.

சுண்டெலியும் புல்லெலியும் வயலில் உண்டு, சேதம் பண்ணும், ஆனால் அவற்றின் கணக்கு சின்னது. மூஞ்சூறை எலி என்று அடிக்காதீர்கள், அது எலி இனமே இல்லை, பூச்சி தின்கிறது. கொள்ளிடம், காவிரிப் பக்கம் ஆற்றில் நீளமாக, வழவழவென்று, கூட்டமாக நீந்துவதைப் பார்த்துவிட்டு "பெரிய தண்ணியெலி" என்று சிலர் சொல்கிறார்கள். அது நீர்நாய். மீன் தின்கிற பிராணி, நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சட்டப் பாதுகாப்பும் உண்டு, கை வைத்தால் வழக்கு.

வளையைப் படிப்பது

எங்கள் ஊரில் கிட்டி, அதாவது மூங்கில் எலிப்பொறி, வைக்க வரும் பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். முதல் தடவை அவரோடு வரப்பில் நடந்தபோது, வாய் திறந்து கிடந்த பெரிய வளை ஒன்றைக் காட்டி, "ஐயா, இதுல வைங்க" என்றேன். அவர் நிற்கக்கூட இல்லை.

"தம்பி, ஆள் உள்ள இருந்தா கதவைச் சாத்தியிருப்பான். திறந்து கெடந்தா வீடு காலி."

பத்தடி தள்ளி, கோரைப் புல்லுக்கு அடியில் ஒரு கைப்பிடி புது மண் பொலபொலவென்று கிடந்தது. வளை என்றே எனக்குத் தோன்றவில்லை. குச்சியால் லேசாகத் தள்ளினார், மண் உள்ளே சரிந்தது, பின்னால் கை நுழைகிற அளவு பாதை. வரப்பெலி உள்ளே போனதும் மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொள்ளும். இதை அறியாமல் நான் எத்தனையோ வருடம் ஆளில்லாத வளைகளுக்கு முன்னால் பொறி வைத்திருக்கிறேன்.

நண்டு வளையையும் எலி வளையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நண்டு வளை நீர்மட்டத்தை ஒட்டி, உருண்டையாக இருக்கும். வாயைச் சுற்றி ஈர மண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். எலி வளை தண்ணீருக்கு மேலே, வரப்பின் தோளில் இருக்கும். வெளியே தள்ளிய மண் பொடியாக, ஒரு பக்கமாகச் சரிந்து குவிந்திருக்கும். பக்கத்திலேயே சாய்வாகக் கடித்த தூர்த் துண்டுகள், புழுக்கை, புல்லை மிதித்து வழவழப்பாக்கிய ஒரு தடம். சேற்றில் வால் இழுபட்ட கோடும் சில சமயம் தெரியும்.

எது உயிருள்ள வளை என்று சந்தேகமாக இருந்தால் வழி சுலபம். சாயங்காலம் போய்க் கண்ணில் படுகிற எல்லா வளையையும் சேற்றால் அடைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் விடிகாலை போய்ப் பாருங்கள். எது திறந்திருக்கிறதோ, எதன் முன்னால் புது மண் கிடக்கிறதோ, அங்கே ஆள் உண்டு. பக்கத்தில் ஒரு தென்னங்குச்சியைச் செருகி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிச் செலவு மிச்சம், ஏனென்றால் ஐம்பது வளை தெரிகிற வரப்பில் ஆளிருப்பது பத்துப் பதினைந்தில்தான் இருக்கும். ஒரே எலிக்கு நாலைந்து வாசல் உண்டு. அதில் ஒன்று மண்ணுக்கு மேலே வராமல் ஒரு விரல் கனத்துக்கு மண் விட்டு நின்றிருக்கும். ஆபத்து வந்தால் முட்டிக்கொண்டு ஓட வைத்திருக்கும் கள்ள வாசல்.

இன்னொன்று. எந்த வளையிலும் கையை விடாதீர்கள். எலி விட்டுப்போன வளையில் நல்ல பாம்பு குடியிருக்கும், வரப்புப் புல்லில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். குச்சி இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது, கை எதற்கு.

எப்போது இறங்குவது

பெரும்பாலானவர்கள், நானும் ஒரு காலத்தில், பயிர் வெட்டுப்பட்ட பிறகுதான் எலியை நினைப்பார்கள். அது ரொம்பத் தாமதம். எலிக்குச் சினை மூன்று வாரம்தான், ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி சாதாரணம், சில சமயம் பத்தும் வரும். பயிர் பொதி கட்டும்போது கிடைக்கிற இளங்கதிரின் இனிப்பில்தான் அதற்கு இனப்பெருக்கமே சூடு பிடிக்கும். அந்த நேரத்தில் பத்து எலியைப் பிடித்தால் அதற்கு முன்பே ஐம்பது பிறந்திருக்கும்.

எலி குறைவாக இருப்பது சித்திரை, வைகாசியில். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். இடையில் வாய்க்கால் எல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கும், உளுந்தும் பயறும் எடுத்தாகிவிடும், வயலில் தின்ன எதுவும் இல்லை. அப்போது எலி எங்கே போகும்? ஈரம் இருக்கிற இடத்துக்கு. பம்புசெட் வாய்க்கால், குளக்கரை, வாழைத் தோட்டம், கரும்பு, வைக்கோல் போர் அடி. ஊர் முழுக்கப் பரவியிருந்த கூட்டம் நாலைந்து இடத்தில் வந்து சேர்கிற சமயம் அதுதான். அங்கே ஒரு பெண் எலியைப் பிடித்தால் குறுவைக்கு ஐம்பது எலி குறைவு. இதைச் சொன்னால் டீக்கடையில் எல்லாரும் தலையாட்டுவார்கள், வெயிலில் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வரச் சொன்னால் ஆள் இருக்காது. என்ன செய்ய, பயிர் இல்லாத வயலில் எலி யாருக்கும் கண்ணுக்குத் தெரியாது.

தனியாக ஒருவர் பிடிப்பதும் வீண். என் ஏழு மாவை நான் சுத்தமாக வைத்தால், பக்கத்து வயல் எலிக்கு நான் காலி வீடு கட்டி வைத்த மாதிரி. ஒரு வாரத்தில் குடி வந்துவிடும். குறைந்தது ஒரு வாய்க்காலில் பாய்கிற எல்லாரும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். நடவும் அப்படித்தான். பக்கத்தில் போர்செட் வைத்திருக்கிறவர் முன்னாடியே நட்டு, நான் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து ஒரு மாதம் கழித்து நட்டால், எலிக்கு அவர் வயலில் ஒரு விருந்து, முடிந்ததும் என் வயலில் இன்னொரு விருந்து. இரண்டு வாரத்துக்குள் எல்லாரும் நட்டு முடித்தால் சேதம் பங்கு பிரியும், குட்டி போடும் காலமும் சுருங்கும்.

அடுத்த வாய்ப்பு ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில் வயலும் வரப்பும் முங்கும்போது மேட்டு வரப்பு, திடல், ஆற்றங்கரை மட்டும்தான் தீவு மாதிரி நிற்கும். அத்தனை எலியும் அங்கே இருக்கும், கூடவே பாம்பும் இருக்கும். மழை விட்ட மறுநாள் நாயைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே காலையில் கிடைப்பது கிட்டியில் ஒரு வாரம் கிடைக்காது. தண்ணீர் வடிகிற வரை மட்டும்தான் இந்தச் சங்கதி.

வீட்டை இடிப்பது

வரப்பை ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குறுகலான வரப்பில் வளைக்கு இடமில்லை. தோண்டினால் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும் அல்லது தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆள் நடக்க, சைக்கிள் தள்ள என்று மூன்றடிக்கு வரப்பை வளர்த்து வைத்திருப்போம், எலிக்கு அதுதான் மாடி வீடு. குறுவைத் தண்ணீர் வந்ததும் அண்டை கழித்து, அதாவது வரப்பின் பக்கத்தை மண்வெட்டியால் சீவி, புல்லைச் செதுக்கி, சேறு பூசுகிறோம் இல்லையா, அந்த வேலையை மெஷின் நடவு வந்த பிறகு பலர் விட்டுவிட்டார்கள். களைக்கும் நண்டுக்கும் மட்டும் இல்லை, எலிக்கும் அதுதான் முதல் மருந்து. சேறு பூசி முடித்த வரப்பில் புது வளை விழுந்தால் வெள்ளைச் சுவரில் கரிக்கோடு மாதிரி மறுநாளே தெரியும்.

பெரிய வாய்க்கால் கரை நம் கையில் இல்லை. ஆனால் நம் வயலை ஒட்டிய பகுதியை நாம் பார்க்கலாம். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் மண்டிய கரைதான் எங்கள் பக்கம் எலிக்கோட்டை. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மேலே நிழல், ஆள் நுழைய முடியாது. அதை வெட்டினால் போதாது, வெட்டின துண்டு ஈரத்தில் கிடந்தால் அங்கேயே வேர் விடும், ஆகவே வேரோடு பிடுங்கி மேட்டில் போட்டுக் காயவிட வேண்டும். வாய்க்காலை அடைத்துக் கிடக்கிற வெங்காயத்தாமரையும் எலிக்கு உபகாரம்தான். நீந்த வேண்டிய சிரமம்கூட இல்லாமல் அதன் மேலேயே நடந்து வரும்.

அதற்காகக் கரையில் இருக்கிற எல்லாவற்றையும் கொளுத்தச் சொல்லவில்லை. நாணலை நான் தொடுவதில்லை. கரையை அரிக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான், தவிரவும் கானாங்கோழி குஞ்சு பொரிப்பதும் கீரி பதுங்குவதும் அதற்குள்தான். எங்கள் கரையில் நாணல் உள்ள இருபதடியில் எலி வளை குறைவு, காட்டாமணக்குள்ள இருபதடியில் அதிகம். நாலு வருடமாக எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். கீரியா, நாணலின் வேரா, எது காரணம் என்பது என் வேலை இல்லை, விட்டுவிட்டேன்.

வாய்க்கால் கரை வளையை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு வெள்ளமும் ஒரு காரணம். ஆறு நிறைய ஓடும்போது உடைப்பு எடுக்கிற இடங்களில் பலவற்றில் முதலில் வருவது ஒரு விரல் பருமன் கசிவு. கரையின் இந்தப் பக்கம் தொடங்கின வளை அந்தப் பக்கம் வரை போயிருக்கும்.

கிட்டி

தஞ்சாவூர்க் கிட்டி என்று ஊரெல்லாம் பேர். மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, நாணை இழுத்து, ஒரு சின்னக் குச்சியில் தடுத்து நிறுத்தி, இரையை அந்தக் குச்சியோடு பிணைத்திருப்பார்கள். எலி இரையை இழுத்ததும் குச்சி நழுவும், வில் விடுபடும், கழுத்து நசுங்கும். கணத்தில் முடிந்துவிடும். இரும்பு, ஸ்பிரிங் எதுவும் இல்லை, ஈரத்தில் துருப்பிடிக்காது, சேற்றில் ஊன்றித் தண்ணீருக்கு மேலே நிறுத்தலாம். நம் நிலத்துக்கென்றே யாரோ யோசித்துச் செய்த சாமான்.

ஏக்கருக்கு நாற்பது கிட்டி என்பது கணக்கு, மாவுக்குப் பதிமூன்று வரும். சேதம் குறைவாக இருந்தால் அத்தனை வேண்டாம். எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியம். வளை வாசலிலேயே வைத்தால் எலி சந்தேகப்பட்டுக் கள்ள வாசலில் போய்விடும். வளையிலிருந்து வயலுக்குள் போகும் தடத்தில், வெட்டுப்பட்ட வட்டத்தின் விளிம்பில் வைக்க வேண்டும். பெரியவர் வறுத்த அரிசியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசைந்து வைப்பார். கருவாட்டு வாசனை வேண்டாமா என்று கேட்டேன். "அது நாயைக் கூப்பிடும், பூனையைக் கூப்பிடும். நமக்கு எலி வந்தா போதும்" என்றார்.

பொழுது சாய்ந்ததும் வைத்துவிட்டு, விடிவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். இது விளையாட்டில்லை. விடிந்த பிறகும் விட்டு வைத்தால் கொக்கும் மைனாவும் மாட்டும். ஒரு தடவை நான் சோம்பேறித்தனமாகத் தூங்கிவிட்டுப் போனபோது ஒரு கானாங்கோழி கால் முறிந்து கிடந்தது. அதற்குப் பிறகு அலாரம் வைத்துக்கொள்கிறேன். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலு நாள் நல்ல வேட்டை, பௌர்ணமி வெளிச்சத்தில் எலி வெளியே அதிகம் நடமாடாது. மழை ராத்திரியில் வைப்பது வீண் வேலை.

கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். எங்கள் பக்கம் எலிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக் காட்டி வாங்குவார்கள். பேரம் பேசாதீர்கள். நூறு கிட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் சேற்றில் நடக்கிற வேலை அது. நாமே செய்வதானால் கடையில் விற்கிற கம்பிப் பெட்டிப் பொறி சுலபம். அதற்கு மட்டும் ஒரு பொறுமை தேவை: முதல் இரண்டு ராத்திரி கதவைத் திறந்தே கட்டிவிட்டு இரையை மட்டும் வையுங்கள். எலி புதுச் சாமானைக் கண்டால் சுற்றிச் சுற்றி வரும், உள்ளே வராது. இரண்டு நாள் தின்று பழகினதும் மூன்றாம் நாள் விசையை மாட்டுங்கள்.

கூகைக்கு ஒரு இருக்கை

கூகை என்கிற ஆந்தை ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி தின்னும், குஞ்சு இருந்தால் இன்னும் அதிகம். கூலி கேட்காது. அது உட்கார்ந்து கவனிக்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இருந்த தென்னையில் பாதிக்கு மேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ராத்திரியில் அந்தக் கரகரப்புச் சத்தமே கேட்கவில்லை.

மூங்கிலோ சவுக்கோ ஆறடிக்கு வெட்டி, உச்சியில் குறுக்கே ஒரு அடிக் கட்டையை ஆணி அடித்து, வயலுக்குள் ஊன்றுங்கள். பயிருக்கு மேலே இரண்டடி நின்றால் போதும். தென்னை மட்டையின் அடிப்பகுதியைத் தலைகீழாக ஊன்றினாலும் சரி, அகலமான அந்தக் கொண்டையில் அது சவுகரியமாக உட்காரும். குறுக்குக் கட்டை வழவழவென்று இருந்தால் வைக்கோல் பிரி சுற்றிவிடுங்கள், நகம் பிடிக்கும். ஏக்கருக்குப் பதினைந்து இருபது வைக்கச் சொல்வார்கள், நான் மாவுக்கு நாலு வைக்கிறேன். காலையில் கம்புக்கு அடியில் போய்ப் பாருங்கள். கருப்பாக, கட்டை விரல் பருமனில் ஒரு உருண்டை கிடந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி முடியும் மண்டை ஓடும் மஞ்சள் பல்லும் முழுசாக வரும். என் மகள் ஒரு டப்பாவில் பதினோரு மண்டை ஓடு சேர்த்து வைத்திருக்கிறாள், அம்மாவுக்குத் தெரியாமல்.

கதிர் பால் பிடித்ததும் கம்புகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பகலில் கிளியும் சிட்டுகளும் அதே கம்பில் உட்கார்ந்து கதிரைக் கொறிக்கும்.

சாரைப்பாம்பை அடிக்கிறவர்களைப் பற்றி எழுதினால் கோபம் வரும், விடுகிறேன்.

மருந்து, கரண்ட்

எனக்கு எலி மருந்தில் நம்பிக்கை இல்லை. துத்தநாக பாஸ்பைடு தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது, அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரை வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். புரோமோடயலோன் கட்டி தின்ற எலி உடனே சாகாது, நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைக் கூகையும் கீரியும் பிடித்துத் தின்றால் அதுகளுக்கும் கேடு. ஒரு பக்கம் கம்பு ஊன்றிக் கூகையை அழைத்துவிட்டு மறுபக்கம் அதற்கு விஷம் வைக்கிற கதை. கட்டாயம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வேளாண்மை அலுவலகத்தில் அளவு கேட்டு, உயிருள்ள வளைக்குள் மட்டும் வைத்து வாசலை மூடுங்கள், வரப்பு மேலே இறைக்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டைத் தமிழ்நாட்டில் தடை செய்துவிட்டார்கள். பழைய டியூப் வீட்டில் கிடந்தாலும் வைத்திருக்காதீர்கள்.

வயலைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்ட் விடுவது குற்றம். எலி சாவதற்கு முன்னால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், கம்பி கட்டினவரே செத்திருக்கிறார். இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

உடம்பு

எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் நாம் நாள் முழுக்க நிற்கிறோம். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். வெள்ளம் வடிந்த ஒன்றிரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, முக்கியமாகக் கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போகிற வலி என்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் "வயலில் வேலை செய்கிறேன், எலி பிடித்தேன்" என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் கேட்கும், விட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் என்று போகும். எனக்கு ஒரு தடவை வந்தது. முதலில் பார்த்த இடத்தில் சளிக்காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், மூன்றாம் நாள் கால் ஊன்ற முடியாமல் வேறு இடம் போனேன். நானும் வயல் விஷயத்தைச் சொல்லவில்லை, அதுவும் உண்மைதான்.

காலில் புண் இருந்தால் கம்பூட் போடுங்கள், செத்த எலியை வெறும் கையால் தூக்காதீர்கள், ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து முழ ஆழத்தில் புதையுங்கள். வாய்க்காலில் வீசுகிறவர்களும் இருக்கிறார்கள், கீழ்மடைக்காரன் அந்தத் தண்ணீரில்தான் முகம் கழுவுவான்.

அறுவடைக்குப் பிறகு

சம்பா, தாளடி அறுத்ததும் வரப்பைத் தோண்டுங்கள். வளையில் நெல் நிறைந்திருக்கும் நேரம், எலி அதை விட்டுப் போகாது. முதலில் வெளியே தெரிகிற வாசல்களை அடைத்து ஒன்றை மட்டும் விடுங்கள். அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, வளை வாயில் கவிழ்த்து ஊதினால் எங்கெங்கே புகை கசிகிறதோ அங்கெல்லாம் வாசல் என்று தெரிந்துவிடும், கள்ள வாசல் உட்பட. அவற்றையும் அடைத்துவிட்டுத் தோண்ட ஆரம்பியுங்கள். முழங்கை ஆழத்தில் பாதை கிளை கிளையாகப் பிரியும். ஒரு முட்டில் வைக்கோல் நார் மெத்தை, குட்டிகள். இன்னொன்றில் கதிர், காம்பு எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, யாரோ கட்டு கட்டி அடுக்கின மாதிரி. போன மாசியில் ஒரே வளையில் ஒரு படிக்குக் குறையாமல் நெல் வந்தது. தோண்ட வருகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வது வழக்கம், அவர்கள் அலசிக் காயவைத்து அவித்துத்தான் குத்துவார்கள். நீங்கள் எடுப்பதானாலும் விதைக்கு வேண்டாம், ரகம் கலந்து கிடக்கும்.

தோண்டின பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். கட்டியை உடைத்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, காலால் நன்றாக மிதித்து மூடுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூணு நாலு நாள், நம் கடைமடைக்கு வர இன்னும் எத்தனையோ நாள். அப்படிக் காத்திருந்து வயலுக்கு வந்த முதல் தண்ணீர், நீங்கள் மிதிக்காமல் விட்ட அந்தப் பள்ளம் வழியாகத்தான் பக்கத்து வயலுக்கு ஓடும்.